நம் பேட்டையில் எத்தனை தமிழர்?

டில்லியில் தமிழர் கூடுமிடங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. அக்கம்பக்கத்துப் பள்ளியில் தமிழாசிரியர் வேண்டுமென்று மனுச் செய்தால், "உங்கள் தொகை என்ன?" என்பதே முதல் வினா. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு கூறுவது உண்மையே. ஆனால் தொகையின்றி மனு நகராது. ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும் என எண்ணுகிறோம். பட்டியல்களை மொழிபெயர்த்துப் பழகிய நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

2011 கணக்கின்படி டில்லியின் மக்கள் 1,67,87,941 பேர். அவருள் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 82 ஆயிரத்துக்குச் சற்று மேல். மாவட்டத்துக்கும் தாசிலுக்கும் மொழிவாரி எண்கள் உண்டு. அதற்கும் கீழே, வார்டு அளவில், ஆண், பெண், குழந்தைகள், எழுத்தறிந்தோர், தொழில் செய்வோர் ஆகிய விவரங்கள் உள்ளன, மொழி இல்லை. ஆகவே கரோல்பாக் தாசிலைப் பற்றி அறியலாம். நம் தெருவைப் பற்றி அறிய இயலாது. கணக்காளர் எழுதிச் சென்ற தாள்களைக் கேட்கலாமா? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவற்றைப் பார்வையிட எவருக்கும் உரிமை தரவில்லை. இதனை நாம் குறையாகக் கருதவில்லை. ஒரு சந்தில் நான்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்குமாயின், அத்தொகையை அச்சிடுவது அவர்களை விரல் நீட்டிக் காட்டுவதாகாதா?

"தமிழர்" என்பதும் எளிதில் அகப்படும் சொல் அன்று. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கின் விதி. பிறந்த இடத்தைக் காட்டும் பட்டியல் வேறு. டில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் அதில் தமிழ்நாட்டினர் ஆகார். சென்னையில் பிறந்த தெலுங்கர் ஆவார். 1951இல் "சென்னை ராஜ்யத்தில் பிறந்தோர்" என்றால் ஆந்திரரும் மலபார்க்காரரும் அதில் அடக்கம். பழைய எண்களை எடுத்தாளும் அன்பர்கள் இதை மறந்துவிடுகின்றனர்.

மேலும், 2011இல் 9 ஆக இருந்த டில்லி மாவட்டங்கள் 2012இல் 11 ஆயின, எல்லைகள் மாறின. மக்களும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலம் வாழ்ந்த மதராசி கேம்ப், உயர்நீதி மன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1இல் அகற்றப்பட்டது. சிலருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. 2011இன் ஏடு அவர்களை இன்னும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறது.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போயிற்று. புதிய கணக்குக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதிலும் தெருவாரி மொழிக்கணக்கை எதிர்பார்ப்பதற்கில்லை. மனுவுக்குத் தாசில் எண்ணை இணைக்கலாம். அதனுடன், தமிழ் கற்க விரும்பும் பிள்ளைகளின் பட்டியலை, பெற்றோர் கையொப்பத்துடன், வீடு வீடாகச் சென்று நாமே தயாரிப்பதுதான் வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போதும்.