இயற்கைச் சரக்கும் நமது கிடங்கும்

ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி சந்தவாசல் கடைவீதியைக் கடந்துதான் போகிறது. "மருந்தடிக்காத அரிசி இருக்கிறதா? மலைச் சாமை இருக்கிறதா?" என்று கேட்கும் வாடிக்கையாளர் இன்று எல்லா ஊரிலும் உண்டு. இதைப் பணக்காரர் மோகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

காரணம் இருக்கிறது. காசர்கோடு முந்திரித் தோப்புகளில் எண்டோசல்பான் சுமார் இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் உத்தரவிட்டது. நம் பழைய வட ஆர்க்காட்டிலும் 1960களின் இறுதியில் ஐ.ஆர்.8 வந்த பிறகுதான் உரமும் மருந்தும் பெருகின. விளைச்சல் கூடியதும் அதனால்தான், மறுப்பதற்கில்லை. இலங்கை அரசு 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது, சில மாதங்களிலேயே தடை விலகியது. நம்மாழ்வார் செய்ததுபோல் ஊர் ஊராகப் போய் விவசாயிக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டிய காரியம் இது.

நமக்கு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் மழையை நம்பி விளையும் சாமை, நஞ்சை நெல்லைப்போல் உரமும் மருந்தும் கேட்கும் பயிரல்ல. ஆனால் வியாபாரிக்குச் சிரமம் சரக்கு கடைக்கு வந்த பிறகுதான். தீட்டாத சாமையரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில வாரங்களில் காறல் வாடை வரும், வண்டும் விழும். உடனே கை போவது பாஸ்பைடு மாத்திரைக்கு! அந்த மாத்திரை வைத்த மூட்டை இயற்கைச் சரக்கு அல்ல. விவசாயி வயலில் தவிர்த்ததை நாம் கிடங்கில் சேர்த்துவிடுகிறோம். தவிர, அதிலிருந்து வரும் வாயு உயிரைக் குடிப்பது. கடையின் பின்கட்டிலேயே குடித்தனம் இருக்கும் நம்மவர் அதைத் தொடவே கூடாது.

சாமையை உமியோடு வாங்கி வையுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் நெடுநாள் தாங்கும். வாரத் தேவைக்கு மட்டும் அரைத்து அரிசியாக்கலாம். துவரம்பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவதும், வேப்பிலையும் வசம்பும் போடுவதும் நம் பாட்டிமார் செய்ததுதான். பெரிய அளவில் வாங்குவோர், காற்றுப் புகாத உள்ளுறை போட்ட மூட்டைகளைப் பயன்படுத்தலாம். உள்ளே பிராணவாயு குறைந்ததும் பூச்சி தானே சாகும்.

அடுத்தது சட்டம். இயற்கை உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள் 2017இல் வந்தன. சிறு விவசாயி தன் விளைச்சலை நுகர்வோருக்கு நேரடியாக விற்றால் சான்றிதழ் வேண்டியதில்லை. அதையே நாம் வாங்கி 'ஆர்கானிக்' என்று எழுதி விற்றால், என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று பெற்ற சரக்காக இருக்க வேண்டும். பொட்டலத்தில் அதற்குரிய முத்திரையும் வேண்டும். கோயம்புத்தூரில் மாநில அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இருக்கிறது. விவசாயிகள் குழுவாகவும் அங்கே பதிவு செய்யலாம். சான்று இல்லாத நல்ல சரக்கைப் பலகையில் 'ஜவ்வாது மலைச் சாமை, தீட்டாதது' என்று உள்ளபடி எழுதி விற்கலாம். வாங்கிய ஊர், தேதி, எடை குறித்த துண்டுச் சீட்டை மூட்டையோடு வைத்திருங்கள். வாடிக்கையாளர் கேட்டால் காட்டலாம்.