புது வண்டியும் பாதுகாப்புத் திட்டமும்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையின் கார் விற்பனை நிலையங்களில், பூஜை முடித்துச் சாவியைக் கையில் தரும் சுபவேளைக்குச் சற்று முன்பாக, அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, மேனிக்கு டெஃப்லான் மெருகு, நீட்டித்த வாரண்டி என்று விற்பனையாளர் விநயமாக நீட்டும் பட்டியலுக்கு, மகிழ்ச்சியில் மயங்கிய மனம் மறுப்புச் சொல்லத் தயங்குவது இயல்பே. ஆயினும், கடற்காற்றின் உப்புப் படாத கொங்கு நாட்டில், தொழிற்சாலையிலேயே துருத்தடுப்புப் பெற்று வரும் தகட்டுக்கு மறுபூச்சு அனாவசியம் என்பதே என் அபிப்பிராயம்.

வாரண்டி விஷயம் வேறு. மாருதி சுஸுகி 2024 ஜூலை முதல் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை தானே பொறுப்பேற்கிறது. நீட்டிப்பைப் பொதுவாக அக்கெடு முடியுமுன் வாங்கலாமாகையால், அன்றே கையொப்பமிடும் நிர்ப்பந்தமில்லை. பிரேக் பேட், கிளட்ச் முதலிய தேய்மானப் பொருள்கள் பெரும்பாலும் அதில் சேரா. நெடுங்காலம் வண்டியை வைத்திருப்போர், உற்பத்தியாளரே தரும் நீட்டிப்பை மட்டும், விதிகளைப் படித்தபின் வாங்கலாம்.