மறையும் தோட்டங்களும் மாணவர் ஆய்வேடும்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை மாணவர் தம் இறுதியாண்டில் எழுதும் ஆய்வேடு ‘லத்திஹான் இல்மியா’ என வழங்கப்படுகிறது. மாணவர் தாமே ஒரு கேள்வியை வகுத்து, களத்திற்குச் சென்று தரவு திரட்டி, நெறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் எழுதி முடிக்கும் முதல் முழுமையான ஆய்வு அது. மனிதர் கூடிவாழும் முறைகளையும், அம்முறைகளை உருவாக்கும் தொழில், குடும்பம், சாதி, வர்க்கம், அரசு ஆகியவற்றையும் ஆராயும் சமூகவியலில் இத்தகைய ஏட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. பேராக் மாநிலத்தைப் பொறுத்தவரை இம்மதிப்பு மேலும் கூடுகிறது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம்கொடுத்து மறைந்துவரும் அம்மாநிலத்தில், தோட்ட வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களின் நினைவை எழுத்தில் ஏற்றுவதற்குரிய மொழியும் உறவும் அத்தோட்டங்களின் பேரப்பிள்ளைகளிடமே இயல்பாக அமைந்திருக்கின்றன. ஆயினும் ஆய்வேட்டுக்குச் செல்லும் வழியில் வரையறுக்கப்பட்ட இடங்களும் முன்நிபந்தனைகளும் படிப்படியாக நிற்கின்றன. அவற்றின் காரணத்தையும் ஒழுங்கையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் மாணவரே அப்படிகளைத் தடையின்றிக் கடக்க முடியும்.

பல்கலைக்கழக வாசலுக்கு முன்

பேராக்கின் ஈப்போ வட்டாரத்து மாணவர் சமூகவியல் துறையை அடையும் பாதை பெரும்பாலும் ஆறாம் படிவத்தில் தொடங்குகிறது. மெட்ரிகுலேசி எனப்படும் புகுமுக வகுப்பு அறிவியல், கணக்கியல், பொறியியல் போன்ற பிரிவுகளையே நடத்துகிறது; அதன் இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு, மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்படுகிறது. எனவே கலைத்துறையை நாடும் தமிழ் மாணவருக்கு ஆறாம் படிவத்துக்குரிய எஸ்.டி.பி.எம். தேர்வே பெருவழியாக அமைகிறது. 2012 முதல் மூன்று பருவங்களாக நடத்தப்பட்டுவரும் அத்தேர்வில் சமூகவியல் ஒரு தனிப்பாடமாக இல்லாததால், வரலாறும் புவியியலும் பொருளியலும் படித்துத் தேறிய மாணவர், பல்கலைக்கழக வகுப்பறையில்தான் அத்துறையை முதன்முறையாகச் சந்திக்கிறார்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்கள் யூ.பி.யூ. என்னும் மைய அமைப்பின் வழியே செல்கின்றன. தேர்வுப் பேற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து விழுக்காடும் என்ற கணக்கில் அங்கே தகுதிப்புள்ளி வகுக்கப்படுகிறது. 1970களில் நிலைபெற்ற இனவாரி ஒதுக்கீட்டு முறை 2002இல் தகுதி அடிப்படை முறைக்கு மாற்றப்பட்டது. இருந்தும் விரும்பிய துறை ஒன்றாகவும் கிடைக்கும் துறை வேறொன்றாகவும் அமைவது இன்றளவும் காணக்கூடியதே. மருத்துவமோ சட்டமோ கிடைக்காதபோது ஏற்றுக்கொள்ளும் ஆறுதல் இடமாகச் சமூகவியலைக் குடும்பங்கள் கருதும் வரை, அத்துறையில் சேரும் மாணவர் அதன் உயர்நிலைப் பாடங்களை நோக்கித் திட்டமிட்டுப் படிப்பதற்கான ஊக்கத்தை வீட்டிலிருந்து பெறுவது அரிது.

வரையறுக்கப்பட்ட பாடங்கள்

பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடங்களும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. சில பாடங்களுக்கு ‘பிரஷியாரத்’ எனப்படும் முன்தகுதிப் பாடம் உண்டு. அதாவது, சமூகவியல் கோட்பாடு, ஆய்வுமுறையியல், புள்ளியியல் அடிப்படை போன்ற பாடங்களில் தேறியவரே அவற்றில் பதிந்துகொள்ள முடியும். சில பாடங்கள் அத்துறையைத் தலைமைப்பாடமாகக் கொண்ட மாணவருக்கே உரியவை. வேறு சில, குறிப்பாகக் கருத்தரங்க முறையில் நடத்தப்படும் இறுதியாண்டுப் பாடங்கள், விரிவுரையாளரின் ஒப்புதலோடு ஒரு சிறு குழுவினரை மட்டும் ஏற்கின்றன.

இந்த வரையறைகளுக்குக் கல்விக் காரணங்கள் உள்ளன. நூறு பேர் அமரும் விரிவுரையில் ஒரு கோட்பாட்டை விளக்கிவிடலாம்; ஒவ்வொருவரின் நேர்காணல் பதிவையும் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டிய வகுப்பில் அது இயலாது. ஆய்வேட்டு நெறியாளருக்கும் இதே நிலைதான்: ஒரே ஆண்டில் அவர் பொறுப்பேற்கக்கூடிய மாணவர் சிலரே என்பதால், முன்கூட்டியே அணுகாத மாணவருக்குத் தாம் விரும்பிய நெறியாளர் கிடைக்காமல் போகலாம். ஆகவே முதலாண்டு முடிவதற்குள்ளாகவே ஆய்வேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த முன்தகுதிப் பாடம் எந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது, பி.என்.ஜி.கே. எனப்படும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி நான்குக்கு எவ்வளவு இருக்க வேண்டும், இடம் நிரம்பிய பாடத்திற்கு எவ்வாறு மேல்முறையீடு செய்வது என்பனவற்றைத் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒப்புதல் கோரும் கடிதத்தில், தகுதியை விரித்துரைப்பதைவிட, எந்தக் கேள்விக்காக அப்பாடம் தேவைப்படுகிறது என்று இரண்டு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்வது பயன் தரும்.

சிறப்புப் பட்டமும் ஆய்வேடும்

1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றியது. அங்கே மூன்றாண்டுப் பொதுப் பட்டத்திற்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் மட்டும் நான்காம் ஆண்டில் சிறப்புப் பட்டம் பயின்று, கல்விப் பயிற்சி என்று பெயரிட்ட ஆய்வேட்டை அளித்தனர். அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் அமைந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது உழைக்கும் மக்கள் சிறுசிறு தொகைகளாக வழங்கினர். 1961இல் அத்துறையின் பொறுப்பை ஏற்ற தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்தினார். 1969இல் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் 1970இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் தோன்றியபின், மானிடவியலும் சமூகவியலும் பயில்வதற்கான இடங்கள் விரிவடைந்தன.

இன்று மலேசியாவில் இளங்கலைப் பட்டத்தின் பெயரோடு ‘கெபூஜியான்’, அதாவது சிறப்பு, என்ற அடைமொழி பொதுவாக இணைந்தே வருவதால், அப்பெயரை மட்டும் பார்த்து ஆய்வேடு உண்டு என்று முடிவு செய்துவிட முடியாது. சில பாடத்திட்டங்களில் அது கட்டாயம். சிலவற்றில் தரப்புள்ளியின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு மட்டும் உரியது. சிலவற்றில் அதற்குப் பதிலாகத் தொழிற்பயிற்சியையோ கூடுதல் பாடங்களையோ தெரிவு செய்யலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிறப்பு ஆய்வேடு தனித் திட்டமாக இயங்குகிறது. பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க இசைந்த பின்னரே மாணவர் அதில் பொதுவாகச் சேர முடிகிறது. தெரிவு இருக்கும் இடங்களில் எளிய வழியை நாடுவது இயல்பு என்றாலும், முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் செல்ல விரும்புவோர், தாம் ஆய்வு செய்ய வல்லவர் என்பதற்கு இந்த ஏட்டைவிட உறுதியான சான்றைக் காட்ட இயலாது.

பேராக் காத்திருக்கிறது

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்கிற்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்நிகழ்வு வரலாற்று நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதே தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த பால்வெட்டுக் குடும்பங்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கடந்தன என்பதோ அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கியபோது, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். இத்துண்டாடலைப் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் வழியைத் திறந்தார்.

அறிஞர் உலகம் தோட்டத்தை முற்றிலும் மறந்துவிடவில்லை. கெர்னயில் சிங் சந்துவின் குடியேற்ற வரலாறு 1969இலும், ரவீந்திர ஜெயினின் தோட்டச் சமூக ஆய்வு 1970இலும், இராஜகிருஷ்ணன் இராமசாமியின் சாதியுணர்வு பற்றிய நூல் 1984இலும், பி. இராமசாமியின் தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு பற்றிய நூல் 1994இலும் வெளிவந்தன. இவை அடித்தளம் இட்ட நூல்கள். எனினும் தோட்டம் இருந்த காலத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த அளவுக்கு, தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங், மெங்களம்பு போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிந்தைய வாழ்வு பற்றிய அறிவு வளரவில்லை. இளங்கலை மாணவர் ஒருவர், தமக்குக் கிடைக்கும் இரு பருவங்களுக்குள், உண்மையாகவே புதிதாக ஒன்றைச் சொல்லக்கூடிய களம் இது.

கேள்வியைக் கூர்மையாக்கல்

‘தோட்டப்புற மக்களின் பிரச்சினைகள்’ என்ற தலைப்போடு வரும் மாணவரை நெறியாளர் திருப்பி அனுப்புவது நியாயமே; ஓர் ஆயுளிலும் முடியாத தலைப்பு அது. அதையே, ‘தோட்டம் விற்கப்பட்டபின் புந்தோங்கில் குடியேறிய பால்வெட்டுப் பெண்கள் முதல் ஐந்தாண்டுகளில் எந்த வேலைகளுக்குச் சென்றனர், யார் மூலம் அவ்வேலைகளைப் பெற்றனர்’ என்று சுருக்கினால், கேள்விக்கு இடமும் காலமும் மனிதரும் அமைந்துவிடுகின்றனர். கச்சான் பூத்தே எனப்படும் பலகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற புந்தோங்கில், சில பெண்கள் அப்பட்டறைகளுக்கும் சிலர் ஆலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் சென்றிருக்கலாம். உறவினர் வழியா, தொழிலாளரை மேற்பார்த்த பழைய கங்காணிக் குடும்பத்தின் வழியா, கோயில் வழியா என்று ஆராயும்போது சமூக வலைப்பின்னல் என்ற கோட்பாடு உயிர்பெறுகிறது.

சான்றுகளும் அருகிலேயே உள்ளன. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை, சில பின்னர் நகர்ப்புறத்துக்கு இடம்மாறியவை. அத்தகைய பள்ளியொன்றின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு திறந்து, தந்தையின் தொழில், இருப்பிடம், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகிய பத்திகளை ஆண்டுவாரியாக அட்டவணைப்படுத்தினால், பால்வெட்டு என்று தொடர்ந்து எழுதப்பட்ட பத்தியில் எந்த ஆண்டு முதல் வேறு தொழில்கள் நுழைகின்றன, எந்த மாதத்தில் பிள்ளைகள் கூட்டமாக விலகினர் என்பன புலப்படும். தோட்டம் கலைந்த வேகத்தை எந்த அரசு அறிக்கையையும்விட நுணுக்கமாக அப்பதிவேடு சொல்லக்கூடும்.

நேர்காணலுக்கு உரியோரைக் கண்டறிய, பனிப்பந்து மாதிரி எனப்படும் முறை உதவும்: முதலில் பேசியவர் அடுத்தவரைச் சுட்ட, அவர் மற்றொருவரைச் சுட்ட, எண்ணிக்கை படிப்படியாகப் பெருகுவது அம்முறை. ஒரே உறவு வட்டத்துக்குள் ஆய்வு சுருங்கிவிடும் ஆபத்து இதில் இருப்பதால், வெவ்வேறு லயங்களிலிருந்தும் வெவ்வேறு சாதிகளிலிருந்தும் தொடங்குவது நேர்மையான வழி.

ஆய்வாளரின் கடமை

களத்துக்குச் செல்லும் முன் நெறிமுறை ஒப்புதல் பெற வேண்டும். பேசுபவருக்கு ஆய்வின் நோக்கத்தைப் புரியும் மொழியில் விளக்கி, விரும்பாத கேள்வியை மறுக்கவும் இடையில் விலகவும் உரிமை உண்டு என்று தெரிவித்துப் பெறும் இசைவே, அறிந்து தரும் சம்மதம். ஆய்வில் இடம்பெறுவோரின் பெயரை மாற்றுவதும் இதைச் சார்ந்தது. ஜெயின் தாம் ஆராய்ந்த தோட்டத்தைப் ‘பால் மலாயு’ என்ற புனைபெயரால் குறித்தது இம்மரபுக்கு எடுத்துக்காட்டு. சொந்தத் தாத்தா பாட்டியிடம் பேசும் மாணவருக்கும் இந்நெறி பொருந்தும். கடன், குடிப்பழக்கம், சாதிப் பூசல், வீடு இழந்த அவமானம் ஆகியவற்றைக் கேட்கும்போது, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையில் மட்டும் கத்தியை வைக்கும் தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளியின் நிதானம் தேவை.

நேர்காணல் தமிழில் நிகழ்கிறது. ஆய்வேடு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகிறது. ஆகையால் மூலத் தமிழ்ப் பதிவையும் அதன் எழுத்துப்படியையும் பின்னிணைப்பாகப் பேணுவது இன்றியமையாதது. முதியவர் சொன்னது அவர் சொன்னவாறே எஞ்சியிருந்தால்தான், பின்வரும் ஆய்வாளர் அதை மீண்டும் படித்து வேறு முடிவுக்கும் வர இயலும்.

பல்கலைக்கழகங்களும் தம் பங்கைச் செய்தாக வேண்டும். எந்தப் பாடம் எந்த அடிப்படையில் வரையறுக்கப்படுகிறது என்பதை முதலாண்டு மாணவருக்கே அச்சிட்டுக் கொடுப்பதும், முடிந்த ஆய்வேடுகளைத் தேடி எடுக்கக்கூடிய வகையில் நூலகத்தில் சேர்ப்பதும் பெரும் செலவில்லாத பணிகள். தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் தம்மிடமுள்ள பழைய பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் குப்பைக்கு அனுப்பாமல், மாணவர் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும்.

சமூகவியல் துறையில் இடம்பெற்ற பேராக் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர் அவரைத் தடுக்கக் கூடாது. தோட்டத்தில் பிறந்து இன்று எழுபதும் எண்பதும் கடந்து நிற்போர் அடுத்த தலைமுறை மாணவருக்குக் கிடைக்கமாட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களே கேட்டாக வேண்டும்.