சருகைக் கொஞ்சம் விட்டு வைங்க: மார்கழித் தோட்டமும் ஆறுமணிக்குருவியும்

சென்னையிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அக்டோபர் மாசம் ஒரு நாள் காலையில, அவங்க வீட்டுக் கண்ணாடிக் கதவுக்குக் கீழே பச்சை, நீலம், சிவப்புன்னு கலர் கலரா ஒரு குருவி விழுந்து கிடந்ததாம். அலகைத் திறந்து தண்ணி ஊத்தியிருக்காங்க. கொஞ்ச நேரத்துல அது செத்துப் போச்சு. "நாங்க என்ன தப்பு பண்ணோம்?"னு கேட்டிருந்தார். இந்த எபிசோட்ல அதுக்கான பதிலையும், மார்கழி, தை மாசத் தோட்ட வேலைகளையும் பார்க்கலாம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு.

யார் அந்த விருந்தாளி?

அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் கிட்டத்தட்ட ஆறு மணிக்குக் குரல் கொடுக்கறதால இந்தப் பேர். மைனாவை விடச் சின்னது, குட்டை வால். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியக் காடுகள்லயும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். ராத்திரியில பறந்து, களைச்சுப் போய் ஊருக்குள்ள இறங்கும். கண்ணாடியில தெரியற மரத்தை நிஜ மரம்னு நினைச்சு மோதிடும். தரையில தடுமாறினா பூனையும் காக்காயும் விடாது.

அந்த நேயருக்கு ஒண்ணு சொல்லணும். மோதின அடியே உயிரை எடுத்திருக்கலாம், அதனால உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க. ஆனா அடுத்த முறை அலகுக்குள்ள தண்ணி ஊத்தாதீங்க. மயக்கத்துல இருக்கற பறவைக்கு அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். காத்து போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில ஒரு பழைய துணியைப் போட்டு, அதுல வச்சு மூடி, சத்தமில்லாத இடத்துல ஒரு மணி நேரம் விட்டுடுங்க. சாப்பாடு வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். அப்புறம் செடிகள் பக்கத்துல கொண்டுபோய்ப் பெட்டியைத் திறங்க. பறக்கலைன்னா, இறக்கை தொங்கினா, வனத்துறைக்குச் சொல்லுங்க. வீட்டுல வச்சு வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மோதாம இருக்கணும்னா, கண்ணாடியோட வெளிப்பக்கம் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்க. நடுவுல ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா போதாது, சுத்தி இருக்கற இடத்துல புகுந்து போகப் பார்க்கும்.

சருகு குப்பை இல்லை

ஆறுமணிக்குருவி மரத்துல பழம் தேடாது. தரையில தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி, அடியில இருக்கற புழு பூச்சியைச் சாப்பிடும். நாம தினமும் காலையில மாமரத்தடியைப் பளபளன்னு கூட்டி வச்சுட்டா, அத்தனை தூரம் பறந்து வந்ததுக்குச் சாப்பாடே இல்லைன்னு அர்த்தம்.

அதனால வாசலையும் நடைபாதையையும் மட்டும் கூட்டுங்க. மரத்தடியில ஒரு மூலையை அப்படியே விடுங்க. பாம்பு வரும்னு பயமா இருந்தா, அந்த மூலை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். அங்கே வெறுங்கையை விடாதீங்க. பக்கத்துல ஆழமில்லாத மண் தட்டுல தண்ணி வைங்க, தினமும் மாத்துங்க.

மிச்சச் சருகைத் தொட்டிகளுக்கு மூடாக்காப் போடுங்க. ரெண்டு அங்குலம் போதும், தண்டை ஒட்டிப் போடாதீங்க. மழை நின்ன பிறகு மேல்மண் இறுகிக் காயாம இது காப்பாத்தும்.

மழைக்குப் பிறகு செய்ய வேண்டியவை

சென்னைக்கு வருஷ மழையில பாதிக்கு மேல வடகிழக்குப் பருவமழையில வருது. தொட்டி மண்ணுல இருந்த சத்து தண்ணியோட கரைஞ்சு போயிருக்கும். முதல்ல அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. மேல்மண்ணை லேசாக் கிளறி, தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்க. தொட்டிக்கு அடியில இருக்கற தட்டுகளை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துடுங்க, இல்லைன்னா டெங்கு கொசுவுக்கு நாமளே தொட்டில் கட்டின மாதிரி.

இந்தக் குளிருக்குக் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி நல்லா வரும். தண்ணியைக் குறைச்சுக்கோங்க. விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா அன்னைக்கு ஊத்த வேண்டாம்.

அவரையில அசுவினியும் செம்பருத்தியில மாவுப்பூச்சியும் ஏறுற நேரம் இது. முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுப் பாருங்க. போகலைன்னா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் அந்த இடத்துல மட்டும் தெளிங்க. பொறிவண்டு இருந்தா அதுவும் வேண்டாம், அசுவினியை அதுவே தின்னு முடிச்சிடும். கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கறது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியோட புழு. கொஞ்சம் இலை போனா போகட்டும், செடி மறுபடி துளிர்க்கும்.

கடைசியா ஒண்ணு. போகி வருது. பழையன கழிதல்னு சொல்லித் தோட்டத்துச் சருகையும் சேர்த்துக் கொளுத்திடாதீங்க. தை பிறந்தாலும் நம்ம விருந்தாளி உடனே கிளம்பாது, பங்குனி வரைக்கும் இங்கேதான் இருக்கும். ஊர் திரும்பறதுக்கு அது உடம்பைத் தேத்திக்கறது அந்தச் சருகுக்கு அடியிலதான்.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வச்சுக் கேளுங்க. ரெண்டு சுருதியில ஒரு விசில் கேட்டா எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.