வேடத்தின் எல்லை, வாய்ப்பின் எல்லை

தமிழ்த் திரைப்படங்களில் அடகுக்கடை வந்தால், உள்ளே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசும் சேட்டாகவே இருப்பார். தேநீர்க் கடை என்றால் மலையாள வாடையுடன் பேசும் நாயர். இரவுக் காவல் என்றால் கூர்க்கா. இஸ்லாமியப் பாத்திரமோ, ஒன்று உருது கலந்த உடைந்த தமிழ் பேசும் அல்லது வெடிகுண்டு வைக்கும். எங்கள் சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியிலும், தொண்டி, கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இஸ்லாமியர்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பல திரைக்கதைகள் கண்டுகொள்வதில்லை.

இதை வெறும் நகைச்சுவை என்று கடந்துவிட முடியாது. இதே வார்ப்பில் நாமும் வார்க்கப்பட்டிருக்கிறோம். 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ ஹிந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேடம், வடக்கே ‘மதராஸி’ என்பதற்கே இலக்கணமாயிற்று. 2011-இல் வந்த ‘ரா.ஒன்’ படத்திலும் தமிழர் பாத்திரம் நூடுல்ஸில் தயிரைப் பிசைந்து தின்றது. அப்போது நமக்கு வந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் அளவுகோலை நம் படங்களின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தொடர்பான இன்னொரு வரலாறும் உண்டு. நம் படங்களில் சேட்டு எப்படியோ, அப்படித்தான் பர்மாவில் செட்டியார் பார்க்கப்பட்டார். அங்கு முதன்மையான 13 நெல் விளையும் மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடே நகரத்தார் வசம் இருந்தது. 1938-க்குள் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. காரணம், உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத உழவர்களின் அடமான நிலம் கைமாறியதுதான். நிலம் இழந்த உழவரின் துயரம் மெய்யானது. கொடுத்த பணம் விற்க முடியாத நிலமாகத் திரும்பி வந்ததில் கடன் கொடுத்தவருக்கு ஏற்பட்ட முடக்கமும் மெய்யானது. ஆனால், ‘நிலத்தை விழுங்கும் வட்டிக்காரர்’ என்ற பிம்பத்தில் நெல் விலைக்கும் உலகச் சந்தைக்கும் இடமில்லை. வார்ப்பு எப்போதும் காரணத்தை மறைத்துவிட்டு, ஓர் இனத்தை மட்டும் முன்னே நிறுத்தும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதன் மறுபக்கமே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு பாத்திரம் எப்படிக் காட்டப்படுகிறது என்பது கௌரவப் பிரச்னை; அந்த வேடம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பது வேலைவாய்ப்புப் பிரச்னை. பாகுபாட்டின் பொருளாதாரம் குறித்து 1957-இல் நூல் எழுதிய கேரி பெக்கர், பாகுபாடு முதலாளியிடமிருந்தும் வரலாம், சக தொழிலாளியிடமிருந்தும் வரலாம், வாடிக்கையாளரிடமிருந்தும் வரலாம் என்றார். முதலாளியின் பாகுபாட்டைச் சந்தைப் போட்டி காலப்போக்கில் தேய்த்துவிடக்கூடும். வாடிக்கையாளரின் பாகுபாட்டைப் போட்டியால் தேய்க்க முடியாது. அதற்கு இணங்கிப் போவதே லாபமாகிவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள், ‘எங்களுக்கு பேதமில்லை, ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள்’ என்கிறார்கள்.

ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது எப்படித் தெரிந்தது? இங்கே 1972-இல் எட்மண்ட் பெல்ப்ஸ் முன்வைத்த விளக்கம் உதவும். தனிமனிதரின் திறமையை அறிய வழியில்லாதபோது, அவர் சார்ந்த குழுவைப் பற்றிய பொதுக் கணிப்பைக் கொண்டே அவரை எடைபோடுகிறார்கள். திரைத்துறையில் இது சுழலாகிவிடுகிறது. முதன்மை வேடம் கிடைக்காததால் வசூல் சாதனை இல்லை. சாதனை இல்லாததால் முதலீடு இல்லை. முதலீடு இல்லாததால் முதன்மை வேடம் இல்லை. ஒருபோதும் சோதித்துப் பார்க்காத ஊகம், சந்தையின் தீர்ப்பாக மதிக்கப்படுகிறது.

சிக்கிமைச் சேர்ந்த டேனி டென்சோங்பா, புணே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஏறத்தாழ 40 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு 2010-இல் ‘எந்திரன்’ படத்தின் மூலம் தமிழ் ரசிகர்களிடம் வந்தபோதும் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம்தான். மணிப்பூரின் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் வாழ்க்கை 2014-இல் படமானபோது, வடகிழக்கைச் சேராத பிரியங்கா சோப்ரா கதாநாயகியானார். மணிப்பூரைச் சேர்ந்த லின் லைஷ்ராம் அதே படத்தில் துணை வேடத்தில் நடித்தார். தம் மண்ணின் கதையிலேயே நடுவில் நிற்க இடமில்லை என்றால், பிறர் கதையில் எப்போது இடம் கிடைக்கும்?

இது உலகெங்கும் உள்ள நோய். 1937-இல் வெளிவந்த ‘தி குட் எர்த்’ ஹாலிவுட் படத்தில் சீன உழவர் பெண்ணாக நடித்து ஆஸ்கர் வென்றவர், ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர். அன்றைய புகழ்பெற்ற சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங்குக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘நடிப்பு என்பதே பிறராக மாறுவதுதானே? இருளராக இருளர்தான் நடிக்க வேண்டும் என்றால் கலை எதற்கு?’ என்ற கேள்வி எழும். வலுவான கேள்விதான். 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தில் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்தவர். அவருடைய நடிப்பில் குறை காண இயலாது. ஆகவே, நான் கேட்பது அதுவன்று. கேரளப் பெண் இருளராக நடிக்கலாம் என்றால், ஓர் இருளர் பெண் மாவட்ட ஆட்சியராக, மருத்துவராக, காதல் கதையின் நாயகியாக நடிக்கலாமா? இரு திசையிலும் கதவு திறந்திருந்தால் அது கலைச் சுதந்திரம். ஒரு திசையில் மட்டும் திறந்தால் அது சலுகை. எங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகள் திரையில் கொங்கு ஜமீன்தார் மாளிகையாகவும் தஞ்சை மிராசுதார் இல்லமாகவும் நடித்துவிடுகின்றன. வீட்டுக்குக் கிடைக்கும் அந்தச் சுதந்திரம் மனிதர்களுக்குக் கிடைப்பதில்லை.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார், ‘தீபன்’ படத்தில் ஈழ அகதியின் வேடத்தை, உண்மையிலேயே அகதியாக பிரான்ஸ் சென்ற எழுத்தாளர் ஷோபாசக்திக்குக் கொடுத்தார். சென்னை நாடகக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசன் உடன் நடித்தார். பெரும்பகுதி தமிழில் பேசும் அப்படம் 2015-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. கனடாவில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஏறத்தாழ 15,000 விண்ணப்பங்களிலிருந்து தேர்வாகி, ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரின் நாயகியானார். அவரைக் கண்டுபிடித்தது சிபாரிசு அன்று. யாரும் விண்ணப்பிக்கலாம் என்ற திறந்த அழைப்பு.

ஆஸ்கர் விருதுக் குழு 2024-ஆம் ஆண்டு விருதுகளிலிருந்து, சிறந்த படப் பிரிவில் போட்டியிடும் படங்கள் பன்முகத்தன்மைக்கான நான்கு வரையறைகளில் இரண்டையேனும் நிறைவு செய்ய வேண்டும் என்று விதித்துள்ளது. இங்கே உடனே விதிகள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைந்த செலவில் எடுக்கப்படும் தரமான படங்களுக்கு மாநில அரசு மானியம் வழங்குகிறது. பொதுப்பணம் பெறும் படங்களுக்கு வெளிப்படையான நடிகர் தேர்வை ஒரு நிபந்தனையாக்கலாம். தரமணியிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனம், மலைவாழ், மீனவ, குறவர் சமூக இளைஞர்களைத் தேடிச் சென்று பயிற்சிப் பட்டறைகள் நடத்தலாம். முதல் வாய்ப்பின் இடர்ப்பாட்டைத் தனியார் முதலீடு ஏற்கத் தயங்கும் இடத்தில்தான் பொதுப்பணத்துக்கு வேலை இருக்கிறது.

ரசிகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நம் பெயரைச் சொல்லித்தான் கதவு அடைக்கப்படுகிறது. புதிய முகங்களை நம்பி எடுக்கப்படும் ஒரு நல்ல படத்துக்கு முதல் வாரமே நுழைவுச்சீட்டு வாங்கினால், ‘ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள்’ என்ற கணக்கு தானாகவே பொய்த்துப் போகும்.