தாத்தா எந்த ஊர்?
பெங்களூர்த் தமிழர்கள் வேர் தேட நூலகங்கள் எப்படி உதவும்?

"உங்கள் தாத்தா எந்த ஊர்க்காரர்?"

பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பலர் திருதிருவென்று விழிக்கிறார்கள். "ஆற்காடு பக்கம்" என்பார் ஒருவர். "சேலம் ஜில்லா என்று அப்பா சொல்லுவார்" என்பார் இன்னொருவர். அதற்கு மேல் போகாது. அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், எங்கும் இதே கதைதான்.

குலதெய்வக் கோயிலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாகப்பிரிவினைக்கு வாரிசு விவரம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பேரன் வம்சாவளி கேட்கிறான். இப்படி ஏதாவது ஒரு காரணம் வரும்போதுதான் தேடல் ஆரம்பமாகிறது. அதற்குள் விவரம் தெரிந்த பெரியவர் கண்ணை மூடியிருப்பார்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில் வம்சாவளி தேடுவதற்கென்றே பெரிய நூலகம் இருக்கிறது. 1894-ல் தொடங்கிய சங்கம் ஒன்றின் வழியில் வளர்ந்தது. யாரும் கட்டணமின்றிப் போய்ப் பார்க்கலாம். நம் ஊர் நூலகங்களில் அப்படி ஒரு பலகையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் சரக்கு இருக்கிறது. நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் டிரங்குப் பெட்டி

நூலகத்துக்குப் போகுமுன் வீட்டுப் பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய கிரயப் பத்திரம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பத்திரம் எழுதியவர்கள் "இன்ன ஊர், இன்னாருடைய குமாரர் இன்னார்" என்று எழுதாமல் விட்டதில்லை. நான்கெல்லையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் வரும். அவர் பெரும்பாலும் அதே ஊரிலிருந்து கூட வந்த உறவினராக இருப்பார்!

பள்ளிக்கூட டி.சி., கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவரின் பி.எப். சீட்டு, அல்சூர் சாப்பர்ஸ் படையில் இருந்தவரின் பென்ஷன் புத்தகம் எல்லாமே தடயங்கள்தான். பென்ஷன் புத்தகத்தில் உள்ள படை எண்ணைக் குறித்துக் கொள்வது நல்லது. எண் இல்லாமல் வெறும் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த அலுவலகமும் தேடித் தராது.

ஏனென்றால், தமிழ்ப் பெயர் தேடுகிறவனைச் சுற்ற விடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். கந்தசாமி மகன் முருகேசன், முருகேசன் மகன் கந்தசாமி, அந்தக் கந்தசாமி மகன் மறுபடியும் முருகேசன். பாட்டனும் பேரனும் இரண்டு பேருமே க. முருகேசன்! வயதோ, தெருவோ, தொழிலோ தெரியாமல் இவர்களைப் பிரிக்க முடியாது.

ஊர் இருக்கிறது, ஜில்லா இல்லை

அடுத்த சிக்கல் ஜில்லா. "வட ஆற்காடு ஜில்லா" என்று தாத்தா எழுதியிருப்பார். அதில் ஒரு பகுதியை 1911-ல் பிரித்துச் சித்தூர் ஜில்லாவில் சேர்த்தார்கள். அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். மிச்சத்தில் ஒரு பகுதி பின்னாளில் வேலூர் மாவட்டமாகி, அதுவும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஓசூரும் அப்படித்தான். சேலத்தில் இருந்தது, 1965-ல் தர்மபுரிக்குப் போயிற்று, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நூலகம் கைகொடுக்கிறது. 1881-ல் வெளிவந்த காக்ஸ் துரையின் வட ஆற்காடு மானுவல் போன்ற பழைய ஜில்லா நூல்களைப் புரட்டினால், அந்தக் காலத்தில் எந்தத் தாலுகா எப்படி இருந்தது என்று விளங்கும். ரைஸ் எழுதிய மைசூர் கெஜட்டியரும், ஹயவதன ராவ் 1927 முதல் 1930 வரை வெளியிட்ட கெஜட்டியரும் பெங்களூர்ப் பக்கத்துக்கு உதவும்.

கப்பன் பூங்காவில் உள்ள சிவப்புக் கட்டடம் பலருக்குத் தெரியும். பாலக்காட்டுத் தமிழரும் 1883 முதல் 1901 வரை மைசூர் திவானுமாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்தது அது. மாநில மத்திய நூலகம் அங்கேதான் இருக்கிறது. நிருபதுங்கா சாலையில் 1909-ல் தொடங்கிய மிதிக் சொசைட்டியின் நூலகம் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடம் அது. தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். பழைய அரசாங்கக் கோப்புகள் வேண்டுமென்றால் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தை அணுக வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பெங்களூர் அப்போது ஒரே ஊர் அல்ல. பேட்டைப் பகுதி மைசூர் மகாராஜாவின் ஆட்சியில். தமிழர் நிறைந்த தண்டுப் பகுதி 1881 முதல் 1947 ஜூலை வரை பிரிட்டிஷ் ரெசிடென்டின் கையில். இரண்டுக்கும் தனித்தனி நகரசபைகள். 1949-ல்தான் ஒரே கார்ப்பரேஷன் ஆயிற்று. தாத்தா குடியிருந்தது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடினால் தப்பான அலமாரியைத்தான் குடைய வேண்டியிருக்கும்.

நூலகரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு நூலகர் வேலை முடிந்துவிடவில்லை, வாசகரின் தேடலில் துணை நிற்பதும் அவர் வேலைதான் என்று ஓயாமல் வலியுறுத்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1957-ல் பெங்களூரில் குடியேறி, 1962-ல் இங்கே நூலகப் பயிற்சி மையத்தை அமைத்து, 1972-ல் இங்கேயே மறைந்தவர். "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. "1920-க்கு முன் தண்டில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்று கேட்டால் வரும்.

எழுத்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பழைய பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் நாராயணசாமி, 'நரைன்சாமி' ஆகிவிடுவார். 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தண்டில் பள்ளி தொடங்கிய ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரையே இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் பெயரில் முன்னால் நிற்கும் 'ஆற்காடு' பூர்விகத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் தாத்தாவின் இனிஷியல் இரண்டெழுத்தாக இருந்தால் அதில் ஒன்று ஊராக இருக்கலாம்.

ஜனத்தொகைக் கணக்கில் கிடைக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்காது. இங்கிலாந்தில் 1921-ம் ஆண்டுக் கணக்கை வீட்டுவாரியாக, பெயரோடு 2022-ல் திறந்துவிட்டார்கள். இந்தியாவிலோ எண்ணிக்கை மட்டும்தான் நின்றது. வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. இது பெரிய நஷ்டம்தான்.

கல்லில் தமிழ்

உள்ளூர் வரலாறு தேடப் போகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது கல்வெட்டில். 1837-ல் பெங்களூரிலேயே பிறந்த பி.எல். ரைஸ் என்ற வெள்ளைக்காரர், மைசூர் ராஜ்யம் முழுவதும் சுமார் 9 ஆயிரம் கல்வெட்டுகளைப் படியெடுத்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெயரில் 12 தொகுதிகளாகப் போட்டார். 9-வது தொகுதி பெங்களூர் ஜில்லா, 10-வது கோலார். இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம்.

மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. தொம்லூர் சொக்கப்பெருமாள் கோயிலுக்கு அழகியார் என்பவர் 1270-ல் இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்தார். அதுவும் தமிழில்தான் இருக்கிறது. காடுகோடி அருகே பட்டந்தூரில் ஏரி வெட்டியவரைச் சொல்லும் 1043-ம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் சுவையானது. மகன் பெயர் ராஜராஜ வேளான். தந்தை பெயர் பெர்மாடி காமுண்டன். அப்பனுக்குக் கன்னட நாட்டுப் பெயர், பிள்ளைக்குச் சோழ மன்னன் பெயர்!

இதைப் படித்துவிட்டு "நாம் ஆயிரம் வருஷமாக இங்கே இருக்கிறோம்" என்று மார்தட்டுவோர் உண்டு. அங்கேதான் நிதானம் வேண்டும். கல்வெட்டு ஊரின் வரலாறு. குடும்பத்தின் வரலாறு வேறு. 1809-ல் தண்டு அமைந்தபின் படையோடு வந்தவர்கள், 1864-ல் ஜோலார்பேட்டை ரயில் ஓடத் தொடங்கியபின் பிழைப்புத் தேடி வந்தவர்கள், இவர்களின் பேரப் பிள்ளைகள்தான் நம்மில் பலர். தலையில் மூட்டையோடு தண்டு ஸ்டேஷனில் இறங்கிய தாத்தா, கல்லில் பெயர் பொறித்த அழகியாருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை.

எழும்பூருக்கு ஒரு நடை

பூர்விக ஊர் தெரிந்துவிட்டால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். அங்கே உள்ள இனாம் பதிவேடுகள் பொக்கிஷம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராக மானிய நிலங்களை விசாரித்து, அனுபவிப்பவர் பெயர், வயது, வாரிசு வரை எழுதி வைத்தது. ஜமீன்தார்கள் மட்டும் அல்ல. கோயில் மேளக்காரர், நாவிதர், வண்ணார், வெட்டியான் என்று ஊழிய மானியம் பெற்ற குடும்பங்களும் அதில் வருகின்றன.

சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் எல்லாம் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-ல் அமைந்தது. அவர் புத்தகம் மட்டும் சேர்க்கவில்லை. நோட்டீஸ், கடிதம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துப் பாட்டனார் பெயர், பூர்விக ஊர், தேதி, அழைப்போரின் உறவுமுறை எல்லாம் அச்சில் இருக்கிறது. பெங்களூர் வீடுகளில் அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய்க் கொண்டிருக்கின்றன.