விடியலைப் புல்வெளிக்குக் கொடுங்கள்

ஜெய்சல்மருக்குப் போகும் நம்மூர்க் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். காலையில் கோட்டை, மதியம் ஹவேலிகள், மாலையில் சம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, இரவு கூடாரத்தில் ஆட்டம் பாட்டம், மறுநாள் ஜோத்பூர். சம் வரை போகிறவர்களில் பலருக்கு, தாங்கள் நிற்பது ஒரு பெரிய காட்டுயிர்ப் பகுதியின் ஓரத்தில் என்பது தெரியாது. அங்கிருந்து தெற்கே, பார்மேர் மாவட்டம் வரை 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது பாலைவன தேசியப் பூங்கா. சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அதற்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்கச் சொல்லித்தான் இந்தக் கட்டுரை. அந்த நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது: விடியலைப் புல்வெளிக்குக் கொடுங்கள். மணல்மேடு மாலைவரை காத்திருக்கும்.

பூங்கா என்றதும் முகப்பில் ஒரு வாயில், டிக்கெட் கவுன்டர், உள்ளே ஜீப் சவாரி என்று எதிர்பார்த்துப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். 1980இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதி பெயரளவில் தேசியப் பூங்கா. சட்டப்படி இன்றும் காட்டுயிர்ச் சரணாலயம். காரணம், உள்ளே ஊர்கள் இருக்கின்றன. ஆடு மேய்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, அரசுப் பேருந்து ஓடுகிறது. அந்த மக்களும் மந்தைகளும் காட்டுயிரும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இடையிடையே சில பகுதிகளை மட்டும் வனத்துறை வேலி போட்டுத் தனியாகக் காக்கிறது. அவற்றில் முக்கியமானது சுதாசரி. ஜெய்சல்மரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சம், குரி என்ற இரண்டு மணல்மேட்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதி. ஒரு நாள் பயணத்துக்கு அதுதான் இலக்கு.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனதில் இருத்திக்கொள்வது நல்லது. சினிமாவில் பார்த்த பாலைவனம் இங்கே சிறு பகுதிதான். மணல்மேடுகள் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் சரளைக்கல் வெளி, பாறைத் தரை, உப்புப் பூத்த பழைய ஏரிப் படுகை, புல். அந்தப் புல்தான் இந்த நிலத்தின் உயிர்.

முதல் வேலை அனுமதி. வேலியிட்ட பகுதிக்குள் போக ஜெய்சல்மரில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அதைப் பயணத்துக்கு முந்தைய நாள் பகலிலேயே முடித்துவிடுங்கள். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது இனப்பெருக்கத்துக்காக மூடப்பட்டிருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். நேரில் கேட்பதே சரி. அடையாள அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். பாகிஸ்தான் எல்லை பக்கத்தில் என்பதால் வழியில் கேட்பார்கள். இலங்கை, சிங்கப்பூர், கனடா என்று வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் தமிழர்களுக்கு எல்லைப்பகுதி விதிகள் வேறு. சம், குரி போன்ற சுற்றுலா இடங்களைத் தாண்டிப் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படலாம். டிரோனை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வண்டி விஷயத்தில் ஒரு யோசனை. மணல்மேட்டில் ஏறி இறங்கும் சாகச ஜீப் இந்த வேலைக்கு ஆகாது. பறவை பார்க்க வருபவர்களை அழைத்துப்போய்ப் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவரை ஓட்டுநராகவோ வழிகாட்டியாகவோ கேட்டு வாங்குங்கள். இங்கே வளர்ந்த ஒருவர் கண்ணுக்கு, கானல் அசையும் வெளியில் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பறவை தெரிந்துவிடும். நமக்கு அது காய்ந்த புதராகத்தான் தெரியும்.

நேரக் கணக்கில் நம்மவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நாட்டின் மேற்குக் கோடி என்பதால் ஜனவரியில் அங்கே சூரியன் எழ ஏழரை மணி ஆகிவிடும். அதனால் ஜெய்சல்மரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும், முதல் வெளிச்சத்துக்குப் புல்வெளியில் இருக்கலாம். ஆனால் அந்த ஆறு மணிக் குளிர் சாதாரணமானதல்ல. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கும். மதியம் இருபத்தைந்தை எட்டும். ஒரே கனமான ஸ்வெட்டரைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றும்படி இரண்டு மூன்று அடுக்கு உடுத்துவது நல்லது. மண் நிறம், வெளிர் பச்சை என்று நிலத்தோடு ஒன்றும் நிறங்களாக இருக்கட்டும். தலைக்கு மப்ளர் கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர். டீசலை ஜெய்சல்மரிலேயே நிரப்பிவிடச் சொல்லுங்கள். செல்போன் சிக்னலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

கம்பளி சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே புருட் என்று ஒரு புல் இருக்கிறது. அதன் விதை சிறு முள்ளுருண்டை. கால்சட்டை ஓரத்தில் ஒன்று ஒட்டினால் அதைப் பிடுங்கும் விரலில் நான்கு ஒட்டும். கம்பளியில் ஏறிவிட்டால் சாக்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பஞ்ச காலங்களில் இதே விதையைச் சேகரித்து இடித்து மாவாக்கி உண்டு உயிர்பிழைத்திருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள்.

சுதாசரியில் இறங்கியதும் உடனே பைனாகுலரைத் தூக்காமல், காலடியில் ஒரு சேவண் புல் தூரைப் பாருங்கள். இடுப்புயரம் வளரும், குளிர்காலத்தில் வைக்கோல் நிறம். காற்று கொண்டுவரும் மணலை ஒவ்வொரு தூரும் தன் காலடியில் பிடித்துவைத்திருக்கும். அதனால் தூர் ஒவ்வொன்றும் சிறு மேட்டின் மேல் நிற்பதுபோல் இருக்கும். ஆண்டு முழுக்கப் பெய்வது இருபது சென்டிமீட்டருக்கும் குறைவான மழை. ஒரு நல்ல மழை கிடைத்தால் காய்ந்ததுபோல் கிடக்கும் தூரிலிருந்து பச்சை கிளம்பும். தார்ப் பாலையின் மாடுகள் இதைத் தின்றுதான் வாழ்கின்றன. அந்தச் சிறு மேடுகளுக்கு நடுவில் வண்டி ஓடும் மண்ணில் இரவு நடந்ததெல்லாம் எழுதியிருக்கும்: வண்டின் இரட்டைக் கோடு, எலியின் குதி, அதைத் தொடர்ந்து போன நரியின் காலடி. பாலைவன நரியை அடையாளம் காண வாலைப் பார்த்தால் போதும், நுனி வெள்ளையாக இருக்கும்.

கெட்டித் தரையில் சாய்வான வளைகளும் தென்படும். முள்வால் ஓணானின் வீடு. செடிகொடிகளை உண்டு வாழும் அப்பாவிப் பிராணி. குளிர்காலத்தில் வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு உறங்கும். பிப்ரவரி இறுதியில் வெயில் ஏறத் தொடங்கும்போது வெளியே வந்து தலையைத் தூக்கிக் கிடக்கும். கழுகு, வல்லூறு, நரி எல்லாவற்றுக்கும் இதுதான் இரை. இதைக் கொன்று உருக்கி மூட்டுவலிக்கு என்று எண்ணெய் விற்கும் கொடுமை இன்னும் ஒழியவில்லை. யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இப்போது கானமயில். உள்ளூரில் கோடாவண் என்பார்கள். ராஜஸ்தானின் மாநிலப் பறவை. நிமிர்ந்து நின்றால் ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை பதினைந்து கிலோ வரை எடை வரும். உலகில் பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. தலையில் கறுப்புத் தொப்பி, வெளுத்த நீண்ட கழுத்து, பழுப்பு முதுகு. அவசரமே இல்லாமல் நடக்கும். நான்கு எட்டு வைக்கும், நிற்கும், குனிந்து ஒரு வெட்டுக்கிளியைக் கொத்தும், மறுபடி நிமிரும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு சேவண் தூருக்குப் பின்னால் போய் இல்லாமல் ஆகிவிடும். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு மெல்லிய புல் மறைத்துவிடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும்.

ஒருகாலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழகம் வரை வறண்ட புல்வெளிகளில் எல்லாம் வாழ்ந்த பறவை இது. இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மர் மாவட்டத்தில்தான். நம் மண்ணில் இல்லாமல்போன ஒன்றை அதன் கடைசிப் புகலிடத்தில் பார்க்கப் போகிறோம் என்பதுதான் இந்தப் பயணத்துக்கு நான் அழுத்தம் கொடுப்பதன் காரணம். வேட்டை முக்கால்வாசியை முடித்தது. புல்வெளியைத் 'தரிசு' என்று கணக்கெழுதி உழவுக்கும் ஆலைக்கும் கொடுத்தது மிச்சத்தை நெருக்கியது. இப்போது மின்கம்பி. இந்தப் பறவையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பி தெரியும்போது உடல் பாரம் காரணமாகச் சட்டென்று விலக முடியாது. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் உகந்த நிலமும் இதுவே என்பதால் கம்பிகள் கூடிக்கொண்டே போயின.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்ட உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த எம்.கே. ரஞ்சித்சிங் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உத்தரவு வந்தது. பரப்பும் செலவும் நடைமுறைச் சாத்தியமில்லை என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் போயிற்று. தூய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவைக்கு, கம்பியில் மோதிச் சாகும் ஒவ்வொன்றும் ஈடுகட்ட முடியாத இழப்பு. மறுபக்கம் நம்பிக்கையும் உண்டு. 2019இல் சம்மில் தொடங்கிய காப்பக இனப்பெருக்கத் திட்டத்தில் குஞ்சுகள் வளர்கின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாக முதல் குஞ்சு பொரிந்தது.

ஆகவே, பறவை தென்பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், நெருங்கச் சொல்லாதீர்கள். தடத்தை விட்டு வண்டி இறங்கினால் நசுங்குவது சேவண் தூர் மட்டுமல்ல. தரையில் ஒரு குழிவில் முட்டையிடும் பறவைகள் பல. சாப்பாட்டு மிச்சத்தை ஒரு பருக்கைகூட விடாமல் பையில் கட்டி ஜெய்சல்மருக்கே எடுத்துவாருங்கள். எச்சிலுக்குக் கூடும் தெருநாய்கள்தான் பிறகு சின்காரா மானையும் பறவைக் குஞ்சையும் துரத்துகின்றன. கானமயில் கண்ணில் படாமலும் போகலாம். அப்போதும் அந்தக் காலை வீணாகாது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து புல்வெளிக் கழுகுகளும் பெரிய பாறுகளும் வந்து இறங்கியிருக்கும். பாறுகள் கூடுவது செத்த மாட்டைச் சுற்றித்தான் என்பதால், இறந்த மாடு ஒன்று கிடக்கும் இடம் தெரிந்தால் உங்கள் வழிகாட்டி நேரே அங்கே கூட்டிப்போவார். முகம் சுளிக்காமல் போங்கள்.

பத்தரை, பதினொரு மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், பைனாகுலரில் எல்லாம் நெளியும். அப்போது குரிப் பக்கம் திரும்பிவிடலாம். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் ஒரு வீட்டில் சாப்பாடு ஏற்பாடாகும். கம்பு ரொட்டி, மேலே நெய், பூண்டுச் சட்னி, மோர், கேர்-சாங்ரி. சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய்தான். கேர் முள்புதரில் காய்க்கும் சிறு காய். இரண்டையும் வெயிலில் உலர்த்தி ஆண்டு முழுக்க வைத்துக்கொள்வார்கள். நம்மூரில் கோயில் மரமாக நிற்கும் வன்னியை இங்கே கறியாகச் சாப்பிடுவது நல்ல அனுபவம்.

பிற்பகலுக்கு என் தேர்வு ஆகல் புதைபடிவப் பூங்கா. ஜெய்சல்மரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்தது. அந்த மரங்கள் கல்லாகி, பட்டையின் வரியோடு வெட்டவெளியில் கிடக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. புத்தகத்தில் படிக்கும் ஜுராசிக் காலம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. நேரம் இருந்தால், கைவிடப்பட்ட ஊரான குல்தாராவையும் எட்டிப் பார்க்கலாம். அங்கே வழிகாட்டிகள் சொல்லும் பேய்க்கதையை விட்டுவிட்டு, அந்த ஊரைக் கட்டிய பாலிவால்களின் காடீன் முறையைக் கேளுங்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான பக்கத்தில் ஒரு நீண்ட மண்கரை போட்டு நிறுத்தி, நீர் மண்ணுக்குள் இறங்கியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். ஜெய்சல்மர் வட்டாரத்தில் பல காடீன்கள் இன்றும் விளைகின்றன. நல்ல மழை கண்ட ஆண்டில் ஜனவரியில் போனால் பாலைக்கு நடுவே பச்சை வயலைப் பார்க்கலாம்.

சம் மணல்மேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலையில் அங்கே ஜீப்புகளின் இரைச்சலும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்கின்றன; காட்டுயிர்ப் பகுதிக்குப் பக்கத்தில் இத்தனை சத்தத்தை அனுமதிப்பது சரியில்லை என்பதே என் எண்ணம். மணல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் குரியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏறிவிடுங்கள். கூட்டம் குறைவு.

போய்ச் சேர வழி சிரமமில்லை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மருக்கு ரயிலிலோ காரிலோ ஐந்தாறு மணி நேரம். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை நல்ல காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் ஆண் கானமயில் கழுத்துப் பையை உப்பவைத்து நின்று குரல்கொடுத்துப் பெண்ணை அழைக்கும். அதைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை கேமரா வைத்திருக்கும் யாருக்கும் வரும். ஆனால் அவை முட்டையிடும் காலமும் அதுவே. அந்த மாதங்களில் போகாதீர்கள்.